ஓருறையில் இரு வாள்

"ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா?" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இராது என்பதே அதன் விடை என்று சிறுவரும் அறிவர். ஆயின், இரண்டு கத்திகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு, ஒன்றை மாத்திரம் வெளியே காட்டி, மற்றொன்றை இருந்த சுவடே தெரியாமல் மறைத்துவிடும் உறையொன்று இருக்குமாயின் அதனை என்னென்பது? அத்தகைய உறையொன்றை யாம் சென்ற கோடை விடுமுறையில் எம் ஊராகிய தம்மம்பட்டியிற் கண்டோம். அதனால் எமக்கும் எம் தம்பி ஒருவனுக்கும் 9 நாள் பேச்சற்றுப் போயிற்று. அப்பிணக்கின் காரணத்தை வெளிப்படுத்தியது ஒரு சிறு கருவி. அக்கருவியின் இயல்பையும், அஃது எமக்குப் புகட்டிய பாடத்தையும் நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

தம்மம்பட்டி, சேலம் மாவட்டத்தில் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே அமைந்த ஊர். மரச்சிற்பத் தொழிலால் அது பெயர்பெற்றது. அவ்வூர்ச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. உளியின்மேற் கொட்டாப்புளி விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர் யாம். ஒரு வாகனத்தின் இரு பக்கமும் சிற்பியர் இருவர் அமர்ந்து வேலைசெய்வதைச் சிறுபருவத்தில் நின்று நோக்கியிருக்கின்றோம். ஒருவர் உளி மற்றவர் வேலையின்மேற் பட்டுவிடின், பட்ட வடு அக்கணமே கண்ணுக்குப் புலனாகும். இன்னார் கை தவறிற்று என்பதில் ஐயம் எழாது. மரத்தில் நேரும் மோதல் மறைந்து நிற்பதில்லை. கணினியில் நேரும் மோதலோ அத்தகையதன்று. இவ்வேற்றுமையை மறந்ததே எம் பிழைக்கு முதற்காரணம்.

எம் சிற்றப்பா லாரி ஓட்டுநர். தம்மம்பட்டியிலிருந்து மேற்கே ராசிபுரம் சென்று, அங்கிருந்து நாமக்கல்லை அடையலாம். 1997 இல் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான நாமக்கல், லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகளால் நாடறிந்த ஊர். அங்கே பாடி கட்டி, வண்ணந்தீட்டி, நெற்றிப் பலகையில் தம் பெற்றோர் பெயரையும் பின்கதவில் இரண்டு மயில்களையும் எழுதுவித்த லாரியொன்றைச் சிற்றப்பா கடன்பட்டு வாங்கினார். 7 ஆண்டுகள் அதனை ஓட்டினார். 4 ஆண்டுகளுக்கு முன் அவர் நோயுற்று மறைந்தார். கடனுக்காக லாரியும் கைமாறிற்று. அவர் மகனுக்கு அப்பொழுது வயது 11. தந்தையின் வண்டியை நினைவூட்ட அவனிடம் எஞ்சியவை மூன்று நிழற்படங்களே.

இப்பொழுது 15 வயதினனாகிய அவனுக்கு, செக் நாட்டுப் பிராகு நகரத்தில் உள்ள எஸ்.சி.எஸ். சாப்ட்வேர் நிறுவனத்தார் 2012 இல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்னும் கணினி விளையாட்டிற் பெருவிருப்பம். சரக்கேற்றிய லாரியை ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டிச் செல்வதே அவ்விளையாட்டு. அதனை வந்தவாறே ஆடுவாரும் உளர். தம் விருப்பத்துக்கேற்ப மாற்றி ஆடுவாரும் உளர். மாற்றங்களைக் கட்டிவைத்த பொதிக்கு 'மாட்' என்று பெயர். இந்திய லாரிகளையும் தமிழ்நாட்டுப் பேருந்துகளையும் இவ்வகையில் ஆக்கி, இலவசமாகப் பிறர்க்கு வழங்கும் ஆர்வலர் பலர் இருக்கின்றனர்.

மாட் என்பதன் இயல்பைச் சிறிது விளங்கச் சொல்லுதல் வேண்டும். ஒரு விளையாட்டு ஆயிரக்கணக்கான கோப்புகளால் ஆயது. லாரியின் வண்ணம் ஒரு கோப்பு. எஞ்சினின் ஓசை மற்றொரு கோப்பு. விளக்கின் ஒளியளவு வேறொரு கோப்பு. ஊரும் தெருவும் கதவெண்ணும்போல ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. மாட் ஆனது மூலக்கோப்பை அழிப்பதில்லை. அதே முகவரியைத் தாங்கிய வேறொரு கோப்பைக் கொணர்ந்து அதற்கு முன்னே நிறுத்துகின்றது. மூலவர்மீது வெள்ளிக் கவசம் சார்த்துவதைப் போன்றது இது. கவசத்தைக் களைந்தால் மூலவர் முன்பிருந்தவாறே இருப்பார். 1993 இல் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்ட ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தார், படம், ஓசை, தளங்களின் அமைப்பு ஆகியவற்றை 'வாட்' என்னும் தனிக்கோப்பில் வைத்து, அதனைக் கெடுக்காமலே பிறர் தம் கோப்பை மேலிட வழிசெய்தனர். மாட் செய்யும் கலை ஓங்கி வளர்ந்தமைக்கு அவ்வேற்பாடு பெருந்துணையாயிற்று.

ஒரு மூலவர்க்கு ஒரு கவசமாயின் இடரில்லை. ஒரே முகவரிக்கு இருவேறு பொதிகள் இருவேறு கோப்புகளைக் கொணர்ந்தால் யாது நிகழும்? எந்தக் கோப்பு நிற்பது என்பதை வரிசை முடிவுசெய்யும். யூரோ டிரக் விளையாட்டில் பட்டியலின் மேலே நிற்கும் பொதி வெல்லும். 2011 இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டிலோ ஒரே பொருளைத் திருத்தும் பொதிகளுள் இறுதியில் ஏற்றப்படுவது வெல்லும். எதுவாயினும், வென்றது திரையில் தோன்றும், தோற்றது தோன்றாது. தோற்றதென்று ஒரு சொல்லும் வாராது. முன்னர்க் கூறிய மாய உறை இதுவே.

நிற்க. எம் தம்பி இணையத்திற் கிடைத்த இந்திய லாரி மாட் ஒன்றைப் பெற்று, அதன் வண்ணப்படத்தின்மேல் தன் தந்தையின் லாரியை வரையத் தொடங்கினான். மூன்று நிழற்படங்களே மூலம். நெற்றிப் பலகையின் எழுத்து, மயிலின் தோகை, கதவோரத்தில் மஞ்சட்கோடு, 'ஒலி எழுப்பவும்' என்னும் பின்புற எழுத்து ஆகிய எல்லாவற்றையும் மூன்று மாதம், பள்ளி விட்டு வந்த மாலைதோறும் இருந்து தீட்டினான். தந்தையின் வண்டியில் இருந்ததைப் போன்ற ஹாரன் ஓசையையும் சேர்த்தான். அவற்றையெல்லாம் ஒரு பொதியாகக் கட்டி விளையாட்டில் இட்டான். யாம் விடுமுறைக்குச் சென்ற அன்று முதன்முதலாக அவன் எமக்குக் காட்டியது அந்த லாரியைத்தான். சின்னம்மா சமையலறை வாயிலில் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார்.

யாம் கல்லூரியிற் பயில்பவர் என்னும் எண்ணம் எமக்கு அப்பொழுது மிகுதியாயிருந்தது. அந்த லாரி மாட்டுக்கு அதனை ஆக்கியவரே வெளியிட்ட திருத்திய பதிப்பொன்று உண்டென்று கண்டு, தம்பி வெளியே சென்றிருந்த வேளையில் அதனைப் பெற்று, பட்டியலின் மேலே வைத்தோம். முன்விளக்குகள் அழகாக ஒளிர்ந்தன. இரவுச் சாலையில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்தோம். மாலையில் அவன் வந்து, பகற்பொழுதில் வண்டியை எடுத்தான். நெற்றிப் பலகையில் எழுத்தில்லை. மயிலில்லை. வண்டி முழுதும் வெறுஞ்சிவப்பாக நின்றது. ஹாரனும் வேறாயிற்று.

"அண்ணா, அப்பா வண்டி எங்கே?" என்றான்.

அவனுடைய கோப்பை யாம் தொடவே இல்லை என்றோம். அது சொல்லளவில் உண்மையே. அவன் பொதியின் ஓர் எழுத்தையும் எம் கை தீண்டவில்லை. அவ்வளவில் நின்றிருப்போமாயின் குற்றம் சிறிதாயிருக்கும். யாம் நின்றோமில்லை. கோப்பைக் கட்டியதில் அவனே பிழைசெய்திருப்பான் என்றும், படம் வரையத் தெரிந்தவர்க்கெல்லாம் கணினி வேலை கைவந்துவிடாது என்றும் கூறினோம். அவன் மறுமொழி பகரவில்லை. அன்று முதல் எம்மோடு பேசவுமில்லை. யாமும் சிறியவன் தானாக வந்து பேசட்டும் என்று வாளாவிருந்தோம்.

ஒன்பதாம் நாள் காலையிற் சின்னம்மா எம்மை அழைத்து, "தம்பி, அவன் இரவெல்லாம் தூங்குவதில்லை. அப்பா வண்டியைத் தானே கெடுத்துவிட்டேன் என்கிறான். நீ படித்தவன், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார். எம் சொல்லை மெய்யென நம்பி, தன்பால் இல்லாத பிழையைத் தேடித் தன் பொதியை அவன் மூன்று முறை அவிழ்த்து மீளக் கட்டியிருந்தான் என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். மூன்று முறையும் திரையில் வெறுஞ்சிவப்பே தோன்றியிருக்கின்றது. அவன் எம்மேற் சினங்கொண்டிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவன் தன்னையே நொந்துகொண்டிருந்தான்.

எம் விடுதித் தோழர் ஒருவர் பைத்தான் மொழியில் 40 வரிக்குள் எழுதிவைத்திருந்த கருவியொன்று நினைவுக்கு வந்தது. அதனை வருவித்தோம். அக்கருவி செய்யும் தொழில் மிக எளியது. முதலாவது, ஒவ்வொரு பொதியையும் திறந்து அதனுள் இருக்கும் கோப்புகளின் முகவரிகளையெல்லாம் பேரேட்டில் எழுதுவதுபோல் எழுதிக்கொள்ளும். இரண்டாவது, ஒரே முகவரி இரண்டு பொதிகளில் வருமாயின் அதனைத் தனியே குறிக்கும். மூன்றாவது, அவ்விரு கோப்புகளும் உள்ளடக்கத்தில் ஒன்றா வேறா என்று சோதிக்கும். இச்சோதனைக்குக் கைரேகை போன்றதொரு முறை உண்டு. எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதனை 'எஸ்.எச்.ஏ. 256' என்னும் கணக்கில் இட்டால் 64 குறிகளாலான சிறு தொடரொன்று விடையாக வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் தொடர் முற்றும் மாறும். தொடர்கள் ஒத்தால் கோப்புகளும் ஒன்றென்றே கொள்ளலாம். இறுதியாக, பட்டியலின் வரிசையை நோக்கி, எது வென்றது, எது மறைந்தது என்று இரண்டு பெயரையும் அருகருகே எழுதிக் காட்டும்.

தம்பியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கருவியை ஓட்டினோம். விளையாட்டில் இருந்த பொதிகள் 14. ஒன்றுக்கு மேற்பட்ட பொதிகளில் வந்த முகவரிகள் 23. அவற்றுள் ஒன்று, எல்லாப் பொதிகளிலும் இருக்கவேண்டிய முகப்புக் குறிப்பு, அதனால் தீங்கில்லை. 15 முகவரிகளிற் கோப்புகள் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தன. எது வென்றாலும் ஒன்றே. எஞ்சியவை 7. அவ்வேழில் இரண்டு, எம் தம்பியின் பொதிக்கும் யாம் இட்ட பொதிக்கும் இடையே நிகழ்ந்தவை. ஒன்று லாரியின் வண்ணப்படம். மற்றொன்று, விற்பனைக்கூடத்தில் லாரி எவ்வெவ்வுறுப்புகளோடு நிற்கவேண்டும் என்று வரையறுக்கும் எழுத்துக்கோப்பு. இரண்டிலும் வென்றது எம்முடையது, மறைந்தது அவனுடையது. அவன் பொதியில் ஒரு பிழையுமில்லை. முதல்நாள் எப்படியிருந்ததோ அப்படியே, எம் பொதியின்கீழ் அவன் தந்தையின் லாரி நின்றுகொண்டிருந்தது.

யாம் அதனைப் படித்துக் காட்டினோம். அவன் திரையை நோக்கியவாறே, "அண்ணா, நீங்கள் பொய் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னீர்கள்" என்றான்.

அதற்கு யாம் என் சொல்ல வல்லேம்? எம் பிழையை ஒப்புக்கொண்டு, பொறுக்குமாறு வேண்டினோம்.

பின்னர்ச் செய்ய வேண்டியது பெரிதன்று. அவன் பொதியை மேலேற்றினோம். மயில்கள் வந்தன, ஆயின் புதிய விளக்குகள் போயின. இவ்விளையாட்டில் எழுத்துக்கோப்பேயாயினும் வரிவரியாகக் கலவாது. ஒன்று மற்றொன்றை முழுமையாகவே மறைக்கும். ஆதலின் இரண்டு எழுத்துக்கோப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோம். இவ்வாறு வரிக்குவரி ஒப்பிட்டு வேறுபாட்டை மாத்திரம் காட்டும் 'டிஃப்' என்னும் கருவி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970 களின் முற்பகுதியில் தோன்றியது. அதன் கணக்குமுறையை ஹண்ட், மெக்கில்ராய் என்னும் இருவர் 1976 இல் விளக்கி எழுதினர். எம் கோப்புகளில் வேறுபட்டவை இரண்டு வரிகளே. அவன் மாற்றியது ஹாரனுக்குரிய வரி. எம் பொதி மாற்றியது விளக்குக்குரிய வரி. இரண்டையும் கொண்ட மூன்றாவது கோப்பொன்றை ஆக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். வண்ணப்படத்தை அவ்வாறு கலத்தல் இயலாது, ஒன்றே நிற்கவேண்டும். எது நிற்பதென்று ஆராய வேண்டியிருக்கவில்லை.

இனி, இத்தகைய கருவியின் எல்லையையும் கூறுதல் கடன். முகவரி ஒன்றாயிருந்தாற்றான் எம் தோழரின் கருவிக்கு மோதல் புலனாகும். வெவ்வேறு பெயருடைய இரண்டு கோப்புகள் உள்ளே ஒரே பொருளைப் பற்றி முரண்பட உரைக்குமாயின், முகவரிப் பட்டியல் அதனை அறியாது. ஸ்கைரிம் முதலிய விளையாட்டுகளில் இத்தொல்லை மிகுதி. ஆகவே அவற்றுக்கு இருவகைக் கருவிகள் வேண்டியிருக்கின்றன. 'மாட் ஆர்கனைசர்' என்பது ஒவ்வொரு பொதியையும் தனித்தனி அறையில் வைத்து, கோப்புகள் மோதுமிடத்தில் மின்னற்குறி இட்டுக் காட்டும். 'எக்ஸ் எடிட்' என்பது கோப்பினுள்ளே புகுந்து, ஒரே பொருளைப் பற்றிய பதிவுகளைப் பொதிவாரியாக நிரல்பட நிறுத்திக் காட்டும்.

மோதலென்றால் அனைத்தும் தீது என்று எண்ணிவிடவும் வேண்டா. மூலத்தை மறைத்தலே மாட்டின் தொழில். மோதல் இல்லையேல் மாட் இல்லை. கணினியுலகில் மோதலைக் கண்டதும் நின்றுவிடும் ஒழுங்கும் உண்டு. 1993 இல் தொடங்கப்பட்ட டெபியன் லினக்ஸில், ஒரு பொதிக்குரிய கோப்பின்மேல் வேறொரு பொதி எழுதப் புகுந்தால், இக்கோப்பு இன்ன பொதியிலும் உள்ளது என்று பெயர் சுட்டி அது மறுத்துவிடும். தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்றிருந்த 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடியாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தார் ஆக்கியதே. அங்கே மறுத்தல் பொருந்தும், விளையாட்டிற் பொருந்தாது. விளையாட்டுக்கு வேண்டுவது மறுப்பன்று, அறிவிப்பு. இன்னது இன்னதனை மறைத்தது என்று சொல்லிவிட்டால், எது நிற்கவேண்டும் என்பதை மக்கள் தீர்மானித்துக்கொள்வர். அத்தீர்மானத்தைக் கருவி செய்வதில்லை. எந்த லாரி எவனுடைய தந்தையினது என்பது அதற்குத் தெரியாது.

தமிழ் பயில்வார்க்கு இவ்வொழுங்கு புதியதன்று. 1880 இல் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியிற் கருத்துச் செலுத்திய உ.வே. சாமிநாதையர், ஏடு பல தேடி ஒப்புநோக்கி 1887 இல் அதனைப் பதிப்பித்தார். ஒரே செய்யுள் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டு நிற்கும். கையிற் கிடைத்த முதல் ஏட்டையே மெய்யென்று கொண்டு அச்சிடுதல் எளிது. பிற ஏடுகளின் பாடம் அதன்கீழ் மறைந்துபோகும். நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மேலே நிறுத்தி, பிரதிபேதங்களையும் குறித்துவைப்பர். தாம் எதனைத் தேர்ந்தனர் என்பதோடு எதனை விடுத்தனர் என்பதையும் பின்வருவார் காணச்செய்தலே அவர் நேர்மை. எம் தோழரின் 40 வரிக் கருவி செய்ததும் அளவிற் சிறிதாயினும் இவ்வினத்ததே.

எம் மனத்தில் நின்றது இது: கை தீண்டாமை வேறு, குற்றமின்மை வேறு. ஒருவருடைய பொருளைத் தொடாமலே அதனை மறைத்துவிட இயலும். எம்முடையதை மேலே வைத்தோம்; கீழே யாது இருந்தது என்று நோக்கினோமில்லை. நோக்காமலே, காணாமற்போனது உன் தவறு என்று இளையவன் ஒருவனை நம்பச்செய்தோம். இனி எவரேனும் எம்மிடம் வந்து தம்முடையது காணவில்லை என்று சொன்னால், யாம் தொடவில்லை என்பதை முதலிற் சொல்லாமல், பட்டியலை முதலிற் பார்ப்பது என்று உறுதிகொண்டுள்ளோம்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், தம்பி அந்த லாரியை இரவுச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தான். யாம் சேர்த்த விளக்குகள் முன்னே ஒளிர்ந்தன. சின்னம்மா இம்முறை உள்ளே செல்லாமல் அவன் பின்னால் வந்து அமர்ந்தார். "ஹாரன் அடி, கேட்போம்" என்றார். அவன் அடித்தான்.